சபைக்குள் ஆயர், சபைக்கு வெளியே ஆயர்



சென்ற மாத உரை ஒலிபரப்பாகி முடிந்த கையோடு கிளென் வேவர்லியில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தம்பி குடும்பம் லண்டனில் இருக்கிறது. "தம்பி, லண்டன் பாராளுமன்றத்திலை வேதக்கார ஆயர்மார் அகதியளுக்காக எழும்பிக் கதைக்கினமாம். இஞ்சை கன்பராவிலை ஏன் ஒருத்தரும் இல்லை?" என்று கேட்டார். நேரம் போய்விட்டதால் "அடுத்த மாதம் சொல்கிறேன், அம்மா" என்று வைத்துவிட்டேன். கேள்வி சின்னது. ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதென்றால் லண்டன், கொழும்பு, கன்பரா என்று மூன்று இடத்துக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. வானொலியில் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். அங்கிலிக்கன் திருச்சபையை யாழ்ப்பாணத்தில் 'சி.எம்.எஸ். சபை' என்றுதான் நம்மில் பலர் அறிவோம். பரியோவான் கல்லூரியும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் அந்த வழி வந்தவை. பழைய பத்திரிகைகளில் 'அத்தியட்சர்' என்று வருகிறவரைத்தான் இங்கே ஆயர் என்கிறேன். அவர்களுக்கு மேலே உள்ளவர் பேராயர்.

லண்டனில் ஆயருக்கு ஏன் ஆசனம்?

பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு இரண்டு சபைகள். மக்கள் வாக்களித்து அனுப்புவது பொதுச்சபை. வாக்களிக்காமல் வருகிறவர்கள் அமர்வது பிரபுக்கள் சபை. அந்த மேற்சபையில் இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. கன்ரபரி, யோர்க் பேராயர்களுக்கும் லண்டன், டேர்ஹாம், வின்செஸ்ரர் ஆயர்களுக்கும் பதவியோடேயே ஆசனம் வந்துவிடும். மற்ற 21 பேரும் பெரும்பாலும் சேவை மூப்பின்படி வருகிறார்கள். பெண் ஆயர்களுக்கு முன்னுரிமை கொடுக்க 2015இல் ஒரு சட்டம் செய்தார்கள். அந்த ஆண்டே குளொஸ்ரர் ஆயர் ரேச்சல் ட்ரீவீக் முதற் பெண்மணியாக அங்கே அமர்ந்தார். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துத் திருச்சபைகளுக்கு இந்த உரிமை இல்லை.

இது மத்திய காலத்தில் இருந்து வருகிற வழக்கம். அக்காலத்தில் ஆயர் என்றால் பெரும் நிலச் சொந்தக்காரர். அரசனுக்கு ஆலோசனை சொல்வது அவருடைய கடமைகளில் ஒன்று. ஆகவே ஏழைகளுக்காகப் பேசுவதற்கென்று அவர்களை அங்கே யாரும் இருத்தவில்லை. இதை முதலில் நினைவில் வைத்துக்கொள்வோம்.

மக்கள் கொதித்த 1831

இதற்கு நல்ல உதாரணம் 1831 ஒக்டோபர். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. எதிராக 199 வாக்கு, ஆதரவாக 158 வாக்கு. மசோதா தோற்றது. எதிர்த்தவர்களில் 21 பேர் ஆயர்கள். அந்த 21 பேரும் மறுபக்கம் வாக்களித்திருந்தால் 179க்கு 178 என்று ஒரே ஒரு வாக்கினால் மசோதா வென்றிருக்கும். நாடெங்கும் மக்கள் கணக்குப் பார்த்தார்கள். வீதியில் ஆயர்களின் உருவப் பொம்மைகளை எரித்தார்கள். பிறிஸ்ரல் நகரக் கலவரத்தில் ஆயரின் மாளிகையே தீக்கிரையானது. மறு ஆண்டு, 1832இல், மசோதா சட்டமாயிற்று.

அடிமை வணிகத்தின் கதையும் இரண்டு முகம் கொண்டது. லண்டன் ஆயராக இருந்த பெயில்பி போர்ரியஸ் அந்த வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் பல ஆண்டு பாடுபட்டார். 1807இல் அது தடைசெய்யப்பட்டது. ஆனால் அதே திருச்சபையின் வேதப்பிரசார சங்கம் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்து, அதில் அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கியது. அதற்காகத் திருச்சபையின் பொதுச்சங்கம் மன்னிப்புக் கேட்டது 2006இல்தான்.

டியூனேரா கப்பலும் ஆயர் பெல்லும்

இனி நமக்குக் கிட்டிய கதை. சிச்செஸ்ரர் ஆயராக 1929 முதல் 1958 வரை இருந்தவர் ஜோர்ஜ் பெல். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்காகத் தொடர்ந்து உழைத்தவர். 1938இல் பிரபுக்கள் சபையில் அவர் பேசிய விடயமும் அகதிகள்தான்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரித்தானியாவுக்குப் பயம் பிடித்தது. ஜேர்மன் மொழி பேசுகிற ஆண்களை எல்லாம் பிடித்து அடைத்தார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் ஹிட்லரிடம் இருந்து தப்பி வந்த யூதர்கள். யாரிடம் இருந்து ஓடிவந்தார்களோ அவருடைய ஆட்கள் என்றே அவர்களைச் சந்தேகித்தார்கள். இந்த அனுபவம் நம்மவருக்குப் புதிதல்ல. ஏறத்தாழ 2,500 பேரை டியூனேரா என்ற கப்பலில் ஏற்றி, எங்கே போகிறோம் என்றுகூடச் சொல்லாமல், அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கப்பல் மெல்பேர்ணைத் தொட்டுச் சிட்னியை அடைந்தது. அங்கிருந்து ரயிலில் ஹேய் என்ற வரண்ட ஊரின் முள்வேலி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் பலர் நமது விக்ரோரியா மாநிலத்து ததூரா முகாமிலும் இருந்தார்கள்.

ஆயர் பெல் தடுப்பு முகாம்களை நேரிற் போய்ப் பார்த்தார். பார்த்ததைப் பிரபுக்கள் சபையில் சொன்னார். வேறு பலரும் பேசினார்கள். அரசு மெல்லக் கொள்கையை மாற்றியது. டியூனேராவில் வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிப் பேராசிரியர்களாகவும் கலைஞர்களாகவும் வியாபாரிகளாகவும் இந்த நாட்டுக்கு உழைத்தார்கள். கப்பலில் வந்தவர்களின் கதை இந்த நாட்டில் நம்மோடு தொடங்கவில்லை, நேயர்களே.

1943 மார்ச்சில் கன்ரபரிப் பேராயர் வில்லியம் ரெம்பிள் அதே சபையில் எழுந்து, ஐரோப்பாவில் யூதர்கள் கொன்று குவிக்கப்படுகிறார்கள், தப்பக்கூடியவர்களுக்கு உடனே புகலிடம் கொடுங்கள் என்று கேட்டார். அரசு பெரிதாக எதுவும் செய்யவில்லை.

1944 பெப்ரவரி 9ஆம் திகதி பெல் மீண்டும் எழுந்தார். ஜேர்மன் நகரங்கள் மீது பிரித்தானிய விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்த காலம். இராணுவ இலக்கைத் தாக்குவது வேறு, மக்கள் வாழும் நகரத்தை முழுதாக அழிப்பது வேறு என்று அவர் வாதாடினார். சொந்த நாடு போரில் நிற்கும்போது சொந்த விமானப்படையைக் கேள்வி கேட்டவரை யார் விரும்புவார்கள்? அந்த ஆண்டு ஒக்டோபரில் ரெம்பிள் இறந்தபோது கன்ரபரிப் பதவி பெல்லுக்கு வரவில்லை. இந்தப் பேச்சுத்தான் காரணம் என்று பலர் கருதினார்கள். ஆகாயத்தில் இருந்து விழும் குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டி வாழ்ந்த நாம், அந்தப் பேச்சின் பெறுமதியை யாரும் சொல்லாமலே விளங்கிக்கொள்வோம்.

குடிவரவுச் சட்டங்களும் நம்மவரும்

1961இல் கன்ரபரிப் பேராயரான மைக்கல் ராம்சே, பொதுநலவாய நாட்டு மக்களின் வருகையைக் கட்டுப்படுத்திய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எதிர்த்தார். 1968இல் கென்யாவில் இருந்து வந்த ஆசியர்களைத் தடுக்க இன்னொரு சட்டம் மூன்றே நாட்களில் அவசரமாக நிறைவேறியது. அவர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள். அதையும் ராம்சே எதிர்த்தார். இரண்டு தடவையும் தோற்றார். ஆனால் மரணதண்டனையை நிறுத்திய 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவர் ஆதரவோடு வந்தது. ஆண்களிடையேயான ஓரினச் சேர்க்கை குற்றமல்ல என்று 1967இல் சட்டம் மாறியதற்கு வழிவிட்டவர்களிலும் அவர் ஒருவர். அது பாவமா என்பது திருச்சபையின் விடயம், அதற்காகச் சிறையில் அடைப்பதா என்பது வேறு விடயம் என்று அவர் பிரித்துப் பார்த்தார். மதத்தையும் சட்டத்தையும் பிரித்துப் பார்க்கிற இந்தப் பார்வை பாராளுமன்றத்தில் அமரும் எந்தச் சமயத் தலைவருக்கும் வேண்டியது.

பிறகு நம்முடைய முறை வந்தது. 1985இல் பிரித்தானியா இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதற் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்ப முயன்றபோது, தமிழ் இளைஞர்கள் உடுப்பைக் களைந்து நின்று மறுத்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரியான பத்திரம் இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்ற சட்டம் அந்த ஆண்டே வந்தது.

அதே காலத்தில் மான்செஸ்ரர் நகரின் ஹல்ம் பகுதியில் உள்ள அங்கிலிக்கன் தேவாலயத்தில் ஒருவர் புகலிடம் கேட்டு உள்ளே போனார். விராஜ் மென்டிஸ் என்ற சிங்களவர் அவர். தமிழரின் உரிமைக்காகக் குரல் கொடுத்ததால் இலங்கைக்குப் போனால் தனக்கு ஆபத்து என்றார். 1986 டிசெம்பர் முதல் இரண்டு வருடத்துக்கு மேலாகத் தேவாலயத்துக்குள்ளேயே வாழ்ந்தார். 1989 சனவரியில் பொலிசார் கதவை உடைத்து உள்ளே போய் அவரைப் பிடித்து நாடுகடத்தினார்கள். கோவிலுக்குள் புகுந்தவரைப் பிடிக்கக் கூடாது என்ற பழைய ஆங்கிலச் சட்டம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது.

அந்த அம்மாவின் தம்பி சொன்ன சம்பவம் 2022இல் தொடங்கியது. படகில் வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை அந்த ஆண்டு பிரித்தானிய அரசு கொண்டுவந்தது. நவுறுவுக்கு அனுப்பிய அவுஸ்திரேலியாதான் அதற்கு முன்மாதிரி. யூன் மாதத்தில் பிரபுக்கள் சபையில் இருந்த ஆயர்கள் எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு, இது நாட்டுக்கு வெட்கக்கேடு என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 2023 மே மாதம் பேராயர் ஜஸ்ரின் வெல்பி சபையில் எழுந்து புதிய குடிவரவு மசோதாவை நேரடியாக எதிர்த்தார். ஆனாலும் அது சட்டமாயிற்று. ருவாண்டாத் திட்டத்தை நிறுத்தியது, 2024 யூலைத் தேர்தலில் வந்த புதிய அரசு. கடைசியில் ஆட்சியை மாற்றியவர்கள் வாக்காளர்கள். ஆயர்களால் முடிந்தது, பேச வேண்டிய நேரத்தில் பேசிப் பதிவில் ஏற்றியது.

கொழும்பில் என்ன நடந்தது?

இலங்கையிலும் ஒருகாலம் அங்கிலிக்கன் திருச்சபை அரசாங்கச் சம்பளம் வாங்கிய சபை. கொழும்புக்கு முதல் ஆயர் வந்தது 1845இல். நாட்டில் மிகச் சிறுபான்மையான ஒரு சபைக்கு எல்லோருடைய வரிப்பணமா என்று பௌத்தரும் இந்துக்களும் மற்றச் சபையினரும் கேட்டார்கள். 1880களில் அந்தத் தொடர்பு அறுந்தது. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தில் ஆயருக்கென்று ஆசனம் இருக்கவில்லை. தந்தை செல்வா கிறிஸ்தவர். அவரைக் காங்கேசன்துறைக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் சைவ வாக்காளர்கள். மத உடுப்பைப் பார்த்து அவர்கள் வாக்களிக்கவில்லை.

1983இல் நடந்ததை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். கறுப்பு யூலை முடிந்து சில நாட்களுக்குள், ஓகஸ்ட் 8ஆம் திகதி, அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினையை மறுத்துச் சத்தியம் செய்யாதவருக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லை என்றது அது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அதுவரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அமிர்தலிங்கம். தமிழருக்காகப் பேச வேண்டியவர்களின் கதிரைகள் வெறுமையாகின.

அந்த வேளையில் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்து ஒரு சிங்கள ஆயர் பேசினார். குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1962இல் ஆயரானவர். பின்னாளில் சனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கவின் சிறிய தகப்பன். குடியியல் உரிமைகள் இயக்கத்தின் தலைவராகவும் இருந்தார். கலவர நேரம் வெளிநாட்டில் நின்ற அவர் நாடு திரும்பினார். சுகமில்லாத உடம்போடு யாழ்ப்பாணம் போனார். பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். தன் மறைமாவட்ட மக்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தமிழருக்குச் செய்யப்பட்டதற்கு எந்த நியாயமும் கிடையாது, சிங்களவராகிய நாம் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். 1983 ஒக்டோபர் 23ஆம் திகதி அவர் காலமானார். வயது 56.

அவருக்கு ஆசனம் இருக்கவில்லை, வாக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டில் ஆசனம் இருந்த எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள்?

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2004 ஏப்ரல் தேர்தலில் ஜாதிக ஹெல உறுமய கட்சியில் இருந்து ஒன்பது பௌத்த பிக்குகள் பாராளுமன்றத்துக்குள் வந்தார்கள். மதமாற்றத் தடை மசோதாவை அவர்கள் அந்த ஆண்டே கொண்டுவந்தார்கள். அதன் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மசோதா சட்டமாகவில்லை. ஆயர் சபைக்குள் இருந்தால் நல்லது என்று லண்டனைப் பார்த்து நினைக்கிற நாம், கொழும்பையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். சமயத் தலைவருக்குக் கொடுக்கும் ஆசனத்தில் ஜோர்ஜ் பெல்தான் வந்து அமர்வார் என்று யார் உத்தரவாதம் தருவது?

கன்பராவில் ஏன் இல்லை?

இந்த நாட்டிலும் தொடக்கத்தில் இருந்தது. அவுஸ்திரேலியாவின் முதல் அங்கிலிக்கன் ஆயர் வில்லியம் புறோட்டன் நியூ சவுத் வேல்ஸ் சட்டசபையில் அங்கத்தவராக இருந்தவர். 1836இல் ஆளுநர் பேர்க் எல்லாச் சபைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பாடசாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து நின்றார். அதே ஆண்டில் வந்த திருச்சபைச் சட்டமோ கத்தோலிக்கருக்கும் பிரெஸ்பிற்றேரியருக்கும் சேர்த்து அரச உதவி கொடுத்தது. ஒரே சபையின் ஆதிக்கம் இங்கே அத்தோடு தளரத் தொடங்கிற்று. 1901இல் கூட்டாட்சி பிறந்தபோது, அரசியலமைப்பின் 116ஆம் பிரிவு, எந்த மதத்தையும் அரச மதமாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்ய முடியாது என்று எழுதிவைத்தது. ஆகவே அம்மா, கன்பராவில் ஆயருக்கு ஆசனம் இல்லாததற்குக் காரணம் இதுதான். கரம்டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலில் நாம் தடையின்றிக் கும்பிடுவதற்குக் காவலாக நிற்பதும் இதே பிரிவுதான்.

கரம்டவுன்ஸ் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அங்கிலிக்கன் குருவான ஜெரார்ட் ரக்கர் 1930இல் புனித லோறன்ஸ் சகோதரத்துவம் என்ற அமைப்பைத் தொடங்கி, 1933இல் மெல்பேர்ணின் பிற்ஸ்றோய்க்கு வந்தார். அப்போது அது சேரிப் பகுதி. வேலையிழந்த குடும்பங்களுக்கு அவர் குடியிருப்பு அமைத்த இடம் கரம்டவுன்ஸ். சேரி வீடுகளுக்கு எதிராக அவரும் மற்றவர்களும் செய்த பிரசாரத்தின் பின் 1938இல் விக்ரோரியாவில் வீடமைப்பு ஆணைக்குழு உருவாகியது. பாராளுமன்றத்துக்கு வெளியே நின்று பாராளுமன்றத்தை அசைத்த கதை இது.

அதே அமைப்பை 1980களில் நடத்தியவர் பீற்றர் ஹொலிங்வேர்த். சிறுவர் வறுமையைப் பற்றி அரசுக்கு விடாமல் நெருக்குதல் கொடுத்தவர். பின்பு பிறிஸ்பேன் பேராயரானார். 2001இல் ஆளுநர் நாயகமானார். அந்த ஆண்டு ஓகஸ்டில் ரம்பா கப்பல் வந்தது. கிறிஸ்மஸ் தீவு முதலிய இடங்களைக் குடிவரவு வலயத்தில் இருந்து விலக்கிய சட்டங்கள் செப்டெம்பரில் நிறைவேறின. அச்சட்டங்கள் வந்தபோது அரச பிரதிநிதியாக இருந்தவர் ஒரு முன்னாள் பேராயர். ஆளுநர் நாயகம் அமைச்சர்களின் ஆலோசனைப்படிதான் நடக்கலாம், மறுத்துப் பேச இடமில்லை. வெளியே நின்றபோது அவருக்கு இருந்த குரல், உள்ளே மிக உயர்ந்த கதிரையில் இருந்தபோது இருக்கவில்லை. பிறிஸ்பேனில் பேராயராக இருந்த காலத்தில் சிறுவர் துஷ்பிரயோக முறைப்பாடுகளைக் கையாண்ட விதம் பற்றிய கண்டனங்களால் 2003இல் அவர் பதவி விலகினார். ஏழைகளுக்காகப் பேசிய சபை தன் பிள்ளைகளைக் காக்கத் தவறியதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி.

2016 பெப்ரவரியில், நவுறுத் தடுப்பு முகாம் சட்டபூர்வமானது என்று மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சைக்காக இங்கே கொண்டுவரப்பட்ட 267 பேரைத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை. பிறிஸ்பேன் புனித யோவான் பேராலயத்தின் தலைமைக் குரு பீற்றர் கற், எங்கள் ஆலயம் அவர்களுக்குப் புகலிடம் என்று அறிவித்தார். வேறு ஆலயங்களும் சேர்ந்துகொண்டன. சட்டத்தில் அதற்குப் பலம் இல்லை என்று தெரிந்துதான் சொன்னார்கள். மறு ஆண்டு, ஒருபாலினத் திருமண வாக்கெடுப்பில், 'இல்லை' பிரசாரத்துக்குச் சிட்னி அங்கிலிக்கன் மறைமாவட்டம் பத்து லட்சம் டொலர் கொடுத்தது. வாக்களித்தவர்களில் 61.6 வீதத்தினர் 'ஆம்' என்றார்கள். அங்கிலிக்கன் மக்களுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருந்தது.

அம்மாவுக்கு என் பதில்

ஆகவே அம்மா, ஆசனம் இருந்த ஆயர்கள் 1831இல் மக்களுக்கு எதிராக வாக்களித்தார்கள், 1944இல் ஒருவர் மனச்சாட்சியோடு பேசினார். ஆசனம் இல்லாத ஆயர் ஒருவர் 1983இல் நமக்காக எழுதினார். பெல்லையும் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவையும் நாம் மதிப்பது அவர்கள் இருந்த கதிரைக்காக அல்ல. இருவரும் தங்கள் சொந்த மக்களிடம், அவர்கள் கேட்க விரும்பாததைச் சொன்னார்கள்.

இங்கே ஆயருக்குத் தனிக் கதவு இல்லை. ஆனால் செனற் சபைக் குழு ஒன்று சட்டமொன்றை விசாரிக்கும்போது ஆயரும் எழுதலாம், அகதிச் சங்கமும் எழுதலாம், கிளென் வேவர்லியில் இருந்து நீங்களும் எழுதலாம். ஒரே மேசைக்குத்தான் எல்லாம் போகும். ஆங்கிலம் தடையென்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் எழுதுவார்கள். நாம் வந்த கதையை அவர்கள் முழுதாகக் கேட்பதற்கு அதுவே ஒரு சந்தர்ப்பமாகவும் அமையும்.

அடுத்த மாதம் இன்னொரு உரையோடு சந்திப்போம்.